ஒலியில் பிறந்த சகுனங்கள்: சீனப் புத்தாண்டு வழக்கங்கள்

ஹாங்காங்கின் பல அடுக்குமாடிகளில் மின்தூக்கிப் பொத்தான்களைப் பார்த்தால் 3-க்கு அடுத்து 5 நிற்கும். 14-ஆம் மாடியும் இருக்காது, 24-ஆம் மாடியும் இருக்காது. மலேசியாவில் அந்த இடத்தில் ‘3ஏ’ என்று போட்டிருப்பார்கள். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் நான்குக்கும் சாவுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி, ‘ஸ்ஸ’. நான்கைச் சொல்லும்போது குரல் மேலிருந்து சட்டென்று விழுகிறது. சாவைச் சொல்லும்போது தாழ்ந்து எழுகிறது. அந்த எண்ணை ஒதுக்குவதற்கு இந்த ஒலி நெருக்கமே காரணம்.

சீனப் பண்டிகைகளின் ‘இது ஆகாது, அது ஆகும்’ என்ற நீண்ட பட்டியலைப் புரிந்துகொள்ள முதலில் காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். மாண்டரினில் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு எண்ணினால் அசைகள் சுமார் 400தான். அத்தனை குறைந்த அசைகளில் ஒரு பெரிய மொழி முழுவதும் அடங்க வேண்டியிருப்பதால், ஒரே ஒலிக்குப் பல பொருள்கள் வந்து விழுகின்றன. கடிகாரம் பரிசளிப்பதை ‘சொங் ஜோங்’ என்பார்கள். பெற்றோரின் இறுதி மூச்சுவரை அருகிலிருந்து வழியனுப்பிவைப்பதற்கும் அதே ‘சொங் ஜோங்’தான். பேரிக்காயை வெட்டிப் பங்கிடுவது ‘ஃபென் லீ’, பிரிந்துபோவதும் ‘ஃபென் லீ’. குடை ‘ஸான்’, கலைந்து சிதறுவதும் ஏறக்குறைய ‘ஸான்’. புத்தாண்டுக்குச் சீன வீட்டுக்குப் போகும்போது சுவர்க்கடிகாரம், குடை, பேரிக்காய் வைத்த பழக்கூடை மூன்றையும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

நமக்கும் இது அந்நியம் இல்லை. வாசல் தாண்டும்போது ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்கிறோம். அரிசி தீர்ந்துவிட்டால் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. நன்னூல் இதைத் தகுதி வழக்கில் ‘மங்கலம்’ என்று பெயரிட்டே வகைப்படுத்தியிருக்கிறது; சுடுகாட்டை நன்காடு என்பது அந்த வகை. தமிழில் சொல்லை மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது. சீனர்கள் சொல்லை மாற்றுவதோடு பொருளையும் மாற்றுவார்கள். கெட்ட ஒலி உள்ளதை வீட்டிலிருந்து விலக்கி, நல்ல ஒலி உள்ளதைத் தேடிப் பிடித்துச் சமைத்து மேசையில் வைப்பார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ஒலி மாறினால் விதியும் மாறும். ஹாங்காங் பக்கத்து மொழியான காண்டோனீஸ் பேசும் வீட்டில் புத்தாண்டுக்குப் புத்தகம் பரிசளிக்கத் தயங்குவார்கள், ஏனென்றால் அங்கே புத்தகமும் தோற்பதும் ஒரே ‘ஷு’. பஞ்சாங்கத்தின் பெயரிலேயே ‘ஷு’ இருந்ததால் அதை எடுத்துவிட்டு, வெற்றியைக் குறிக்கும் ‘ஷிங்’கைப் போட்டு ‘துங் ஷிங்’ ஆக்கிவிட்டார்கள். நாக்கு என்ற சொல்லும் நஷ்டம் என்ற சொல்லும் ஒன்றுபோல் ஒலிப்பதால், காண்டோனீஸ் கசாப்புக் கடையில் பன்றி நாக்குக்கு லாபம் என்ற ஒலியில் வேறு பெயர். ‘சீன மூடநம்பிக்கைகள் நூறு’ என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் காண்டோனீஸ், ஹொக்கியன் (தென்கிழக்குச் சீன மொழி), வடசீன வழக்கங்களை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகின்றன. அதனால்தான் அவற்றை ஒரு சீன நண்பரிடம் காட்டினால், பாதியைப் பார்த்து ‘எங்கள் வீட்டில் இப்படி இல்லையே’ என்பார்.

தேதி நிலவைப் பொறுத்தது. புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் ஓர் அமாவாசை நாளில் வரும். 2025-இல் ஜனவரி 29, 2026-இல் பிப்ரவரி 17, 2027-இல் பிப்ரவரி 6. ஜனவரியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ பிறந்தவர்கள் தங்கள் பிறந்த ஆண்டுக்குரிய ராசி விலங்கைத் தப்பாகச் சொல்வது இதனால் நடக்கிறது. 2002 குதிரை ஆண்டு என்றாலும் அது பிப்ரவரி 12-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள் பிறந்த குழந்தை பாம்பு. தன் விலங்கின் ஆண்டு திரும்பி வரும்போது யோகம் என்று நாம் நினைக்கலாம். சீன வழக்கில் அது கண்டம். அந்த ஆண்டு முழுவதும் சிவப்பு உள்ளாடை, சிவப்புக் காலுறை, சிவப்பு இடுப்புக்கயிறு என்று உடம்பில் ஏதாவது சிவப்பு இருக்க வேண்டும். அதைத் தானே வாங்கிக்கொள்வதைவிடப் பெரியவர்கள் வாங்கித் தருவதே சிறப்பு.

பண்டிகைக்கு முந்தைய வாரம்

உண்மையில் பண்டிகை ஒரு வாரம் முன்பே அடுப்படியில் தொடங்கிவிடும். நிலவுக் கணக்கின் பன்னிரண்டாம் மாதம் 23-ஆம் நாள் வடக்கில், 24-ஆம் நாள் தெற்கில், அடுப்புக் கடவுள் வானுலகம் போகிறார். ஆண்டு முழுக்க அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் வானுலகை ஆளும் பச்சைக்கல் பேரரசரிடம் அறிக்கை கொடுக்கப் போகிறார். அதனால் அவர் வாயில் மால்ட் சர்க்கரைப் பாகு தடவுகிறார்கள். வாய் இனித்தால் நல்லதைச் சொல்வார். ஒட்டிக்கொண்டால் ஒன்றுமே சொல்லமாட்டார். பிறகு அடுப்புக்கு மேலே ஓராண்டாகப் புகை படிந்த அவர் காகிதப் படத்தை எடுத்துக் கொளுத்துவார்கள். புதுப் படம் புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஒட்டப்படும். அதாவது நடுவில் ஒரு வாரம் வீட்டைக் கண்காணிக்க ஆளில்லை.

அந்த வாரம்தான் தூசி தட்டும் வாரம். ‘சென்’ என்றால் தூசி, ‘சென்’ என்றால் பழையது. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் துடைப்பம் கட்டிக் கூரையில் தொடங்கித் தரைக்கு வருவார்கள். முந்தைய நாள் மாலைக்குள் வேலையை முடித்துத் துடைப்பத்தைக் கண்ணில் படாமல் வைத்துவிட வேண்டும். முதல் நாள் கூட்டினால் வந்த செல்வம் வாசல் வழியாகப் போய்விடும். விளக்கு வைத்த பிறகு கூட்டக்கூடாது என்று நம் பாட்டிகள் சொல்வதற்கும் இதே கணக்குத்தான். தவிர்க்க முடியாமல் ஏதாவது கொட்டிவிட்டால் வாசலிலிருந்து உள்பக்கமாகக் கூட்டி மூலையில் குவித்து வைக்கலாம். குப்பை வெளியே போவது ஐந்தாம் நாள்தான். பட்டாசு வெடித்த சிவப்புக் காகிதச் சிதறல்களும் முற்றத்தில் அப்படியே கிடக்கும். இப்போது தானாக ஓடும் ரோபோ கூட்டி வைத்திருக்கும் வீடுகளில் அதன் நேர அமைப்பை முந்தின இரவே நிறுத்திவைக்க மறந்து, முதல் நாள் காலை பெரியவர்களின் முகம் வாடுவது நடக்கிறது.

அடுத்தது வாசலின் இரு பக்கமும் ஒட்டும் ஈரடிகள், அதாவது சிவப்புத் தாளில் எழுதிய வாழ்த்து வரிகள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான். வீட்டைப் பார்த்து நிற்பவரின் வலப்பக்கம் முதல் அடி, இடப்பக்கம் இரண்டாம் அடி. பழைய சீன எழுத்து வலமிருந்து இடம் போவதால் வந்த முறை. எது முதல் அடி என்று கண்டுபிடிக்கப் பொருள் தெரிய வேண்டியதில்லை, கடைசி எழுத்தின் தொனி (மாண்டரினின் நான்கு ஏற்ற இறக்கங்களில் எது என்பது) போதும். முதல் அடி மூன்றாம் அல்லது நான்காம் தொனியில் முடியும். இரண்டாம் அடி முதல் அல்லது இரண்டாம் தொனியில் முடியும். மேலே குறுக்காக ஒட்டும் பட்டை இடமிருந்து வலமாக, இக்கால முறையில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் முதல் அடி இடப்பக்கம் போக வேண்டும். மூன்றும் ஒரே திசையில் படிக்கப்பட வேண்டும் என்பதே விதி. கதவில் காவல் தெய்வங்களின் படத்தை ஒட்டுபவர்கள் இரண்டு வீரர்களும் ஒருவரையொருவர் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். இடம் மாறினால் முதுகு காட்டி நிற்பார்கள்; சண்டை போட்ட காவலர்கள் வீட்டைக் காக்கமாட்டார்கள் என்பது நம்பிக்கை.

நற்பேற்றைக் குறிக்கும் ‘ஃபூ’ எழுத்தைத் தலைகீழாக ஒட்டுவது உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தலைகீழ் ‘தாவ்’, வந்து சேர்வது ‘தாவ்’. ஆக, நற்பேறு வந்து சேர்ந்தது. ஆனால் வழக்கம் தெரிந்த பெரியவர்கள் அதை முன்வாசல் கதவில் கவிழ்க்கமாட்டார்கள். கதவில் நேராக, மரியாதையாக நிற்க வேண்டும். தலைகீழாக ஒட்டுவதற்குத் தண்ணீர்த் தொட்டி, குப்பைத் தொட்டி, அலமாரி என்று உள்ளே தனி இடங்கள் உண்டு. தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டும்போது நற்பேறும் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுத்தை முன்கூட்டியே கவிழ்த்து வைப்பதாக விளக்கம் சொல்வார்கள். கடைகள் இந்த வேறுபாட்டை மறந்து, எல்லாவற்றையும் தலைகீழாகவே அச்சடித்து விற்பது வருத்தமான விஷயம்.

அந்த ஆண்டு துக்கம் நடந்த வீட்டில் சிவப்பு ஒட்டமாட்டார்கள், பிறர் வீட்டுக்கு வாழ்த்தவும் போகமாட்டார்கள். வாசல் வெறுமையாக இருந்தால் ஆரஞ்சுப் பழங்களோடு உற்சாகமாக உள்ளே நுழையாமல் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மேசையில்

முந்தைய இரவு விருந்தில் முழு மீன் கட்டாயம். ‘யூ’ மீன், ‘யூ’ மிச்சம். ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு மீனை முழுவதும் தின்றுவிட்டால் வாழ்த்து பொய்யாகிவிடும். அதனால் கொஞ்சம் மறுநாளுக்கு இருக்க வேண்டும். கடலோரத்துக் குடும்பங்களில் மேல்பக்கச் சதையைத் தின்ற பிறகு மீனைத் திருப்பிப் போடக்கூடாது, அது படகு கவிழ்வது. முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு அடியில் உள்ளதைத் தின்ன வேண்டும். சோற்றில் சாப்பிடும் குச்சிகளைக் குத்தி நிறுத்துவது எந்த நாளிலும் ஆகாது, அது இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றிய தோற்றம்.

வடக்கில் ஜியாவ்ஸ கொழுக்கட்டை. அரைக் கிலோ கோதுமை மாவுக்குச் சுமார் 250 மில்லி தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விட்டால் விரிசல் விடாத மேல்மாவு கிடைக்கும். பழைய வெள்ளிக்கட்டியின் தோணி வடிவில் மடிப்பதால் அது செல்வம். கொதிக்கும் நீரில் போட்டு, பொங்கும்போதெல்லாம் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் விட்டு, மூன்று முறை அப்படி அடக்கினால் மேல்மாவு கிழியாமல் உள்ளே இருப்பதும் வேகும். ஒன்றிரண்டு வெடித்துவிட்டால் ‘உடைந்தது’ என்று சொல்லக்கூடாது. வடசீன வீடுகளில் ‘ஜெங்’ என்பார்கள். சம்பாதிப்பதற்கும் அதே சொல். கிண்ணம் கைதவறி உடைந்தாலும் இதே உத்திதான். உடைவது ‘சுய்’, வயது ‘சுய்’. ‘சுய் சுய் பிங் ஆன்’, ஆண்டுக்கு ஆண்டு அமைதி என்று உடனே வாய்விட்டுச் சொல்லி, சில்லுகளைச் சிவப்புத் தாளில் சுற்றி வைத்துவிட வேண்டும். அபசகுனத்தை அதே மூச்சில் வாழ்த்தாக மாற்றிவிடும் இந்த வழக்கம் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. பயந்து நிற்கும் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

நியென் காவ் என்ற ஒட்டரிசிப் பலகாரம் தெற்கிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் முக்கியம். பெயரே ‘ஆண்டுக்கு ஆண்டு உயர்வு’ என்று ஒலிக்கும். ஒட்டரிசி மாவும் சர்க்கரையும் ஏறக்குறைய சம எடை. வாழையிலை வைத்த டப்பாக்களில் ஊற்றிப் பழைய முறையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆவியில் வைப்பார்கள். அது வேகும்போது அடுப்படியில் கெட்ட வார்த்தை பேசக்கூடாது, துக்க வீட்டுக்காரர் நுழையக்கூடாது, மீறினால் பலகாரம் வெளுத்துப்போகும் என்பது பழைய தலைமுறையின் நம்பிக்கை. வெளுப்புக்குக் காரணம் சூடு விட்டுப்போவதுதான். நீண்ட நேரச் சூட்டில் சர்க்கரை நிறம் மாறித்தான் அந்தப் பழுப்பு வருகிறது. பேச்சுச் சுவாரசியத்தில் கீழ்ச்சட்டித் தண்ணீர் வற்றினாலோ, பச்சைத் தண்ணீரை ஊற்றினாலோ ஆவி அடங்கிவிடும். கொதிநீரையே ஊற்ற வேண்டும். மூடியிலிருந்து நீர் சொட்டினால் மேலே குழி விழும், மூடியைத் துணியால் கட்டுவது அதற்காக. யாரையும் உள்ளே விடாதே, பேசாதே என்ற தடை உண்மையில் அடுப்பின் மீதே கண் இருக்கச் செய்தது.

ஒலிக்காக மட்டுமே மேசைக்கு வந்து ஊரையே கெடுத்த பொருளும் ஒன்று உண்டு. ‘ஃபா சாய்’ என்ற கருமுடி போன்ற பாசி. செல்வம் பெருகட்டும் என்ற வாழ்த்தும் ‘ஃபா சாய்’. இது விளைவது உள் மங்கோலியா, நிங்சியா, கான்சு போன்ற வறண்ட புல்வெளிகளில். முள்வாரியால் தரையைச் சுரண்டினால்தான் கிடைக்கும். அப்படிச் சுரண்டும்போது புல்லின் வேரும் பெயர்ந்து மண் காற்றில் போகிறது. 2000-இல் சீன அரசு இதைச் சேகரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. அதற்குச் சுவையும் பெரிதாக இல்லை, சந்தையில் போலியும் உண்டு. இதற்கு மாற்றாக இலைக்கோசான (லெட்டூஸ்) ‘சாங் சோய்’யை வைக்கலாம், காண்டோனீஸில் அதற்கும் செல்வம் பிறக்கட்டும் என்ற ஒலிதான். சிங்க நடனத்தில் சிங்கம் கடித்துத் துப்பும் கீரை அதுவே.

முதல் நாளும் மற்ற நாட்களும்

முதல் நாள் தலைக்குக் குளிக்கமாட்டார்கள். முடி ‘ஃபா’, செல்வம் பெருகுவது ‘ஃபா’, இரண்டும் தண்ணீரோடு போய்விடும். கத்தி, ஊசி எடுக்காமல் இருப்பதற்காக, வேண்டியதை முந்தின நாளே நறுக்கி வைத்துவிடுவார்கள். காலையில் கஞ்சி ஆகாது, அது ஏழை வீட்டுச் சாப்பாடு. தூங்குபவரைப் பேர் சொல்லி எழுப்பக்கூடாது. கடன் கேட்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. கல்யாணமான மகள் முதல் நாள் பிறந்த வீட்டுக்கு வருவதில்லை. அவள் கணவனோடு, இரட்டை எண்ணிக்கையில் பரிசுகளோடு வருவது இரண்டாம் நாள். மூன்றாம் நாள் ‘சிவந்த வாய்’ நாள். சண்டை வரும் என்று யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். ஐந்தாம் நாள் தடைகள் உடைகின்றன, சேர்த்து வைத்த குப்பை வறுமையோடு சேர்ந்து வெளியேறுகிறது, கடைகள் திறக்கின்றன.

முதல் மாதம் முழுக்க முடி வெட்டக்கூடாது, வெட்டினால் தாய்மாமன் சாவான் என்பது வடக்கில் இன்னும் பலமாக இருக்கும் நம்பிக்கை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போடும் நமக்கு இது தூக்கிவாரிப் போடும். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்: 1645-இல், சீனாவைக் கைப்பற்றிய மஞ்சு ஆட்சி, ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் விட வேண்டும் என்று ஆணையிட்டது. மறுத்தால் தலை போகும். பழைய ஆட்சியை நினைத்து வருந்தியவர்கள் முதல் மாதம் மட்டும் மழிக்காமல் இருந்தார்கள். ‘பழையதை நினைத்தல்’ என்பது ‘ஸ்ஸ ஜியு’. ‘மாமன் சாவு’ என்பதும் ‘ஸ்ஸ ஜியு’. அரசியல் வலி மறந்துபோய் மாமன் மட்டும் மிஞ்சினார். இரண்டாம் மாதம் இரண்டாம் நாள், டிராகன் தலை தூக்கும் நாளில், முடிதிருத்தும் கடைகளில் வரிசை நிற்கும்.

பணம் வைத்த சிவப்பு உறையான அங்பாவ் கொடுப்பதில் நம்மவர்கள் அடிக்கடி தவறுவது ஒற்றைப்படையில். மொய் என்றால் 101, 501 என்று ஒரு ரூபாய் சேர்ப்பது நம் வழக்கம். சீனர்களுக்கு நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை. ஒற்றைப்படைத் தொகை வெள்ளை உறையில் சாவு வீட்டுக்குக் கொடுப்பது. நல்ல மனதோடு சிவப்பு உறையில் 51 வெள்ளி (மலேசிய, சிங்கப்பூர் பணம்) வைத்துக் கொடுத்தால் வாங்குபவருக்குச் சுருக்கென்று இருக்கும். 8, 18, 28, 88 சிறப்பு. இரட்டைப்படை என்றாலும் 4, 40, 44 ஆகாது. சீனாவில் 250-உம் ஆகாது, மாண்டரினில் ‘இருநூற்றைம்பது’ என்றால் மடையன். கசங்காத தாள்களே வைக்க வேண்டும், நாணயம் வேண்டாம். கொடுப்பவர் கல்யாணமானவர், வாங்குபவர் கல்யாணமாகாதவரும் குழந்தைகளும். வயது இதற்கு அடுத்தபடிதான். வாங்கும்போது இரண்டு கைகளாலும் வாங்கி, கொடுத்தவர் எதிரில் பிரிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். மேண்டரின் ஆரஞ்சும் இரண்டு இரண்டாகத்தான். காண்டோனீஸில் அந்தப் பழமும் தங்கமும் ‘கம்’ என்றே ஒலிக்கும். இரண்டு கொடுத்தால் கிளம்பும்போது அவர்களும் இரண்டு தருவார்கள். ‘வேண்டாம், எங்கள் வீட்டில் நிறைய இருக்கிறது’ என்று மறுத்துவிடாதீர்கள். பரிமாற்றம்தான் அதில் முக்கியம்.

ஹொக்கியன் மக்களுக்கு முதல் நாளைவிட ஒன்பதாம் நாள் பெரிது. பச்சைக்கல் பேரரசரின் பிறந்தநாள். மலேசியாவின் பினாங்கில் எட்டாம் நாள் இரவே தெருக்கள் விழித்திருக்கும். பழைய நேரக் கணக்கில் நாள் இரவு 11 மணிக்கே பிறந்துவிடுவதால் பூசை அப்போது தொடங்கும். படையல் மேசையின் இரு பக்கமும் தோகையோடு, வேரோடு முழுக் கரும்பு கட்டுவார்கள், நம் பொங்கல் கரும்பைப் போலவே. முன்னோர்கள் கொள்ளைப் படையிடமிருந்து தப்பிக் கரும்புக் காட்டில் ஒளிந்து, ஒன்பதாம் நாள் உயிரோடு வெளியே வந்தார்கள் என்பது கதை. இங்கேயும் ஒலி வந்து நிற்கிறது: ஹொக்கியனில் கரும்பு ‘கம் சியா’, நன்றியும் ஏறக்குறைய ‘கம் சியா’. அன்னாசி ‘ஓங் லாய்’, செழிப்பு வா என்பதும் ‘ஓங் லாய்’, அதனால் அதுவும் மேசையில் உண்டு. கரும்பு வாங்குபவர்கள் நேரானதாக, கணு சிதையாததாக, தோகை வெட்டப்படாததாகப் பார்க்க வேண்டும்; தலை வெட்டிய கரும்பு படையலுக்கு ஆகாது. பூசை முடிந்ததும் தங்கக் காகிதக் குவியலின் மேல் கரும்பையும் சாய்த்து எரிப்பார்கள். ஈரத் தண்டு சடசடவென்று வெடித்துத் தெறிக்கும், குழந்தைகளைச் சில அடி தள்ளியே நிறுத்துங்கள்.

பதினைந்தாம் நாள் முழுநிலவோடு விளக்குகள் ஏறி இறங்கிவிடும், பூச்சட்டிகள் ஓரம் போகும். வாசல் ஈரடிகள் மட்டும் அப்படியே இருக்கும். வெயிலில் வெளுத்தாலும் மழையில் ஓரம் கிழிந்தாலும் கை வைக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டுப் புதுத் தாளும் பசையும் தயாரான பிறகே பழையது உரிக்கப்படும்.